வாசற்படியில் உட்கார்ந்தவர்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே 'எந்த குரூப் எடுக்கப்போறே?' என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. ஃபர்ஸ்ட் குரூப்பா, பயாலஜியா, காமர்ஸா என்று பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை சொல்லும் ஒற்றைச் சொல்லில் அதன் மிச்ச ஆயுளே அடங்கியிருப்பதாகப் பெரியவர்கள் நம்புகிறார்கள். வெரோனிகா ராத் எழுதி 2011இல் வெளியான 'டைவர்ஜென்ட்' நாவல் இந்த நம்பிக்கையை ஒரு நகரத்தின் சட்டமாகவே ஆக்கிப் பார்த்தது. எதிர்காலச் சிகாகோவில் மக்கள் ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள். தன்னலம் மறுப்பவர்கள் ஆட்சி நடத்துகிறார்கள், அறிவாளிகள் ஆராய்கிறார்கள், அஞ்சாதவர்கள் காவல் காக்கிறார்கள், இணக்கமானவர்கள் பயிரிடுகிறார்கள், வாய்மையாளர்கள் நீதி பார்க்கிறார்கள். பதினாறு வயதில் கையைக் கீறி, வரிசையாக வைத்த ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் ரத்தத்தைச் சொட்டவேண்டும். எந்தக் கிண்ணமோ அதுதான் இனி வீடு. சேர்ந்த பிரிவின் பயிற்சியில் தேறாதவர்கள் பிரிவற்றவர்களாகித் தெரு கூட்டுகிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள். கதாநாயகி பியாட்ரிஸுக்கோ சோதனையில் மூன்று பிரிவின் குணமும் தெரிகிறது. அவள் எதிலும் அடங்காதவள், அதனாலேயே ஆபத்தானவள்.

பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டு விடுமுறையில் ஓர் இளம்பெண் எழுதிய புத்தகம் இத்தனை லட்சம் பதின்பருவத்தினரைப் பிடித்து உலுக்கியதில் வியப்பில்லை. 'நான் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கமாட்டேன்' என்பது அந்த வயதின் தேசிய கீதம். நாவல் அதற்கு 'டைவர்ஜென்ட்' என்று ஒரு பெயரைச் சூட்டிப் பெருமையாகவும் ஆக்கியது. ஆனால் பெட்டிகளைப் பற்றிய இந்தக் கதை நம் பக்கத்தில் எடுபடாத இடம் ஒன்று உண்டு. விரும்பிய கிண்ணத்தில் ரத்தம் சொட்டும் உரிமை ஒருமுறையாவது கிடைத்தால் போதும் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சடங்கு எப்படிக் கொடுமையாகத் தெரியும்? பிறக்கும்போதே கிண்ணம் முடிவாகிவிட்ட ஊரில், அடங்காமை ஓர் அபூர்வக் குணமல்ல. உள்ளே உட்கார இடம் கேட்பதுதான் அங்கே கலகம். இதைப் பார்க்கக் கொச்சியின் மட்டாஞ்சேரியைவிடத் தோதான இடம் எனக்குத் தோன்றவில்லை.

சில சதுர கிலோமீட்டருக்குள் கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், மலபார் முஸ்லிம்கள், லத்தீன் கத்தோலிக்கர், தமிழர், யூதர் என்று தெருவுக்கொரு சமூகம் வாழ்ந்த ஊர் இது. கொங்கணிகளுக்குத் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிய செர்ளாய், பக்கத்துக் கோட்டைக் கொச்சியின் வெளியில் நம்மூர் வண்ணார்களின் சலவைத்துறை. படைவீரர்களின் சீருடை வெளுக்க அந்தக் காலத்தில் வரவழைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். தொழிலும் தெருவும் பிறப்போடு வந்தன. சுற்றுலாக் கையேடுகள் இதைப் பல பண்பாடுகளின் சங்கமம் என்று மெச்சுகின்றன. அது பொய்யில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரனோடு பகையில்லாமல் வாழ்ந்த ஒரு சமூகம், தன் சொந்தத் தெருவுக்குள் யாரை வாசலில் நிறுத்தியது என்பதைக் கையேடு சொல்வதில்லை.

யூதத் தெருவை எடுத்துக்கொள்வோம். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம், சீனத்து நீலப் பூவோடுகள் பாவிய தரையோடு இன்றும் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள் பரதேசிகள். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே கேரளக் கரையில் வேரூன்றியவர்கள் மலபாரி யூதர்கள். வந்தவர்கள் 'வெள்ளை', இருந்தவர்கள் 'கறுப்பு' என்று பெயர் வாங்கியது இந்த ஊரின் விசித்திரங்களில் ஒன்று. இவர்களுக்கும் கீழே இன்னொரு பிரிவு இருந்தது: மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டவர்கள். பரதேசி வீடுகளில் அடிமைகளாகவும் வேலைக்காரர்களாகவும் இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததி. அவர்களும் அதே ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் இருக்கைகள் அவர்களுக்கில்லை. முன்கூடத்திலும் வாசற்படியிலும் உட்காரவேண்டும், மறைநூலான தோராவை வாசிக்க அழைப்பு வராது, பரதேசி வீட்டில் பெண் கேட்க முடியாது. மதச் சட்டம் இப்படிச் சொன்னதா என்றால், இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து போன கேள்விக்கு, கெய்ரோவிலிருந்த பெரும் அறிஞர் தாவீது இப்னு சிம்ரா பதில் எழுதினார்: முறையாக நீர்முழுக்குச் சடங்கு செய்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், மண உறவும் கொள்ளலாம். ஆக, கதவைச் சட்டம் திறந்துதான் வைத்திருந்தது. அதைச் சாத்தி வைத்தவர்கள் உள்ளே இருந்த மனிதர்கள்.

இந்த வாசற்படியில் வளர்ந்தவர்தான் ஆபிரகாம் பாராக் சேலம், 1882இல் பிறந்தவர். நம் மாம்பழ ஊருக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரிக்குப் பிறகு சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் படித்தார், வக்கீலானார். தம் பிரிவில் முதல் பட்டதாரி. கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், தொழிற்சங்க வேலை பார்த்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். சட்டசபையில் உட்கார இடம் கிடைத்த மனிதருக்குத் தம் தெருவின் ஜெப ஆலயத்தில் இடமில்லை. 1924இல் தெற்கே வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்ததையும், ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டதையும் நாம் அறிவோம். அதே ஆயுதத்தைத்தான் சேலம் ஜெப ஆலயத்துக்குள் கொண்டுபோனார். ஊர் அவரை யூத காந்தி என்றது. ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1940களின் தொடக்கத்தில்தான் தடைகளில் பெரும்பாலானவை விலகின. கல்யாணம் மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது. 1950இல் அவர் மகன் ஒரு பரதேசிப் பெண்ணை மணந்தபோது, மணவிழா நடந்தது கொச்சியில் அல்ல, பம்பாயில்.

நாவலையும் இவரையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. பியாட்ரிஸ் பிறந்த பிரிவை உதறி இன்னொன்றுக்குத் தாவுகிறாள், பெயரையும் டிரிஸ் என்று மாற்றிக்கொள்கிறாள். அவளுடைய பெருமை எல்லோரையும்போல் இல்லாததில் இருக்கிறது. சேலம் கேட்டதோ எல்லோரையும்போல் இருப்பதற்கான உரிமை. விதிவிலக்காக வாழ அவருக்கு வழி இருந்தது: படிப்பு, பதவி, வெளியூர்ப் புகழ். அதை வைத்துக்கொண்டு தெருவையே மறந்திருக்கலாம். விதிவிலக்காகிவிட்டால் விதி அப்படியே இருக்கும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நாவலுக்கு இது புரியவில்லை என்பதற்கு அதன் மூன்றாம் பாகமே சாட்சி. 2013இல் வந்த 'அலீஜியன்ட்'டில், இந்தச் சிகாகோவே ஒரு மரபணுச் சோதனைக் கூடம் என்றும், அடங்காதவர்கள் பழுதற்ற மரபணு கொண்டவர்கள் என்றும் தெரியவருகிறது. அந்தத் தூய்மைப் பேச்சை டிரிஸ் எதிர்க்கிறாள், உண்மை. ஆனால் முதல் பாகத்தில் தேர்வு, துணிவு என்று நாம் கைதட்டியதெல்லாம் கடைசியில் பிறப்பில் போய் முடிகிறது. யார் அடிமை வழி, யார் கலப்பில்லாத வழி என்று கணக்குப் பார்த்த யூதத் தெருவின் பெரிய மனிதர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருந்திருக்காது.

பிள்ளைகள் படிக்கும் ஒரு சாகசக் கதையின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். அது கேளிக்கை மட்டுமாக இருந்தால் ஏற்றவேண்டியதில்லை. ஆனால் 'நீ யார் என்பதை நீயே தேர்ந்தெடு' என்ற பாடத்தோடுதான் அது வகுப்பறைகளுக்குள் வருகிறது, பாடம் என்றால் பரீட்சையும் உண்டு. இன்னொரு மறுப்பு கனமானது. டிரிஸின் நகரத்தில் அடங்காதவர்களைக் கொல்கிறார்கள், மட்டாஞ்சேரியில் யாரும் யாரையும் கொல்லவில்லையே, இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. ஆனால் கொலை நடந்தால்தான் கொடுமை என்று பழகிய கண்ணுக்கு, முன்கூடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் தெரிவதில்லை. கெட்ட கனவுலகக் கதைகள் அந்தக் கண்ணைத்தான் வளர்க்கின்றன என்பது என் குறை. துப்பாக்கியும் நச்சூசியும் இல்லாமல், பூசையும் பண்டிகையும் ஒழுங்காக நடக்கிற, எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசிக்கொள்கிற இடத்திலும் பிரிவுகள் மனிதனை நசுக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது மூன்றாவது மறுப்பு. சேலம் வென்று என்ன பயன்? இடம் கிடைத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெருவே காலியாகத் தொடங்கிவிட்டதே! இஸ்ரேல் பிறந்ததும் கொச்சி யூதர்கள் புறப்படத் தயாரானார்கள். யானைக்கால் நோய் கூடவே வந்துவிடுமோ என்று அந்த நாடு சில காலம் தயங்கியது. 'கொச்சிக் கால்' என்று அந்த நோய்க்கு இந்த ஊரின் பெயரே ஒட்டியிருந்த காலம் அது. 1950களின் நடுவில் மலபாரிகளில் பெரும்பாலோர் போய்ச்சேர்ந்தார்கள், பரதேசிகள் பின்னால் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. முன்பு சிலரை உட்காரவிடாத ஆலயம் பிறகு அந்தப் பத்துப் பேருக்கே தவித்தது. ஆனால் இதைத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. வாசற்படியிலிருந்து ஓடிப்போவதும், உள்ளே இடமிருந்தும் வேறிடம் போவதும் ஒன்றல்ல, முதலாவது துரத்தப்படுவது. இந்த வேறுபாட்டுக்கு 'டைவர்ஜென்ட்'டில் இடமேயில்லை. அங்கே எல்லாப் புறப்பாடும் வீரம்தான். சேலம் 1933இல் பாலஸ்தீனம் போய்வந்தவர். தம் மக்கள் குடிபெயர வழி பேசுவதற்காக 1953இல் மறுபடி இஸ்ரேல் சென்றார். பேசிவிட்டுக் கொச்சிக்குத் திரும்பினார். 1967இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ஆலயத்துக்குப் போகும் சாலையில் இன்று அவர் பெயர் இருக்கிறது. டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் அந்த முன்கூடத்தைத் தாண்டி நேராக உள்ளே போகிறார்கள்.