ராப் உலகின் முதல் பெரிய ஹிட்: அந்த வரிகளை எழுதியவர் பெயர் எங்கே?

1979ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எங்கிள்வூட் என்ற சிறிய ஊர். அங்குள்ள பீட்ஸா கடையில் வேலை செய்துகொண்டே, கேசட்டில் ஓடும் ராப்போடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார் ஹென்றி ஜேக்சன். நண்பர்கள் வட்டத்தில் அவர் பெயர் 'பிக் பேங்க் ஹேங்க்'.

கடை வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர் சில்வியா ராபின்சன், புதிதாக ஓர் இசை நிறுவனம் தொடங்கியவர். ராப் பாட ஆள் தேடி வந்திருக்கிறார். ஹேங்க் காரில் ஏறி உட்கார்ந்து பாடிக் காட்டுகிறார். 'வொண்டர் மைக்', 'மாஸ்டர் ஜீ' என்று இன்னும் இருவர் வந்து சேர்கிறார்கள். மூவரில் யாரை எடுப்பது? சில்வியா மூவரையுமே எடுத்துக்கொண்டார். குழுவுக்கு 'சுகர்ஹில் கேங்' என்று பெயர் வைத்தார்.

அவர்கள் பதிவு செய்த பாட்டுதான் 'ராப்பர்ஸ் டிலைட்'. உலகம் முழுக்க ஓடிய முதல் ராப் சிங்கிள் அதுதான்.

ஒரு சிக்கல். அன்று பீட்ஸா கடை கேசட்டில் ஓடிய குரல் வேறொருவருடையது. ஹேங்க் பாடிக் காட்டிய வரிகளும் அவருடையவை அல்ல.

அதற்கு முன் ராப் எங்கே இருந்தது?

ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று 11 ஆகஸ்ட் 1973ஐச் சொல்வார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் வட்டாரம், 1520 செட்ஜ்விக் அவென்யூ. சிண்டி கேம்பல் ஏற்பாடு செய்த பார்ட்டியில் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க் டிஜே. பாட்டில் தாளம் மட்டும் தனியாக வரும் சில வினாடிகளில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தத் துண்டையே மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் மைக்கைப் பிடித்துப் பேசியவர்கள்தான் எம்சிக்கள். நாம் சொல்லிசை என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான்.

அதன்பிறகு ஆறு ஆண்டுகள் ராப் என்றால் நேரில் போய்ப் பார்க்கும் ஒன்று. பூங்கா, பள்ளி அரங்கம், கிளப். மணிக்கணக்கில் நடக்கும். வர முடியாதவர்களுக்கு கேசட் பதிவு கைமாறும். இதை இசைத்தட்டாக விற்கலாம் என்று பிராங்க்ஸில் பெரும்பாலோர் நினைக்கவே இல்லை. ரெக்கார்ட் போடலாமா என்று கேட்டு வந்தவர்களைத் தான் திருப்பி அனுப்பியதாக கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பின்னாளில் சொன்னார். அன்று அது முட்டாள்தனமான முடிவு இல்லை. நேரில் பார்க்கிற கொண்டாட்டத்தைத் தட்டில் வாங்க யார் காசு கொடுப்பார்கள்?

சில்வியா கொடுப்பார்கள் என்று நம்பினார். அவர் இசைத் தொழிலுக்குப் புதியவர் அல்ல. 1956இல் 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' பாட்டைப் பாடிய ஜோடியில் ஒருவர். 1973இல் 'பில்லோ டாக்' என்ற தனிப்பாட்டிலும் ஹிட் கொடுத்தவர். ஹார்லெமில் ஒரு கிளப்பில் டிஜே மைக்கில் பேசப் பேசக் கூட்டம் துள்ளுவதைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் தேடக் கிளம்பிவிட்டார்.

70 டாலருக்கு 15 நிமிட பேஸ்

1979இல் இன்னொரு பாட்டின் துண்டை வெட்டி ஒட்டித் தரும் சாம்ப்ளர் கருவி இந்தமாதிரி ஸ்டூடியோக்களில் கிடையாது. அதனால் உண்மையான இசைக்கலைஞர்களை உட்காரவைத்து அந்தக் கோடைக்கால ஹிட்டான 'குட் டைம்ஸ்' பாட்டின் மெட்டை வாசிக்க வைத்தார்கள். அது ஷீக் குழுவின் பாட்டு. அதன் பேஸ் கிட்டார் வரியை நீங்கள் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமலே.

சுகர்ஹில் ஸ்டூடியோவில் அதை வாசித்தவர் சிப் ஷீரின். அப்போது வயது 17. ஒரே வரியைப் பிசகாமல் 15 நிமிடம் வாசிக்கச் சொன்னார்கள், 70 டாலர் கொடுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பேஸ் வாசிக்கும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், விரல் என்ன ஆகும் என்று.

பாட்டின் முழு வடிவம் 14 நிமிடத்துக்கும் மேல். 3 நிமிடப் பாட்டுகளுக்குப் பழகிய வானொலிக்கு அது பெரிய தலைவலி. பிறகு சுருக்கமான வடிவங்களும் வந்தன.

வெளியானதும் என்ன நடந்தது?

செப்டம்பர் 1979இல் இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது. அமெரிக்க பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் அது தொட்டது 36ஆவது இடம்தான். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் 'இதுவா ஹிட்?' என்று தோன்றும். ஆனால் கனடாவில் முதலிடம், நெதர்லாந்திலும் முதலிடம், பிரிட்டனில் மூன்றாவது இடம். பிராங்க்ஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்களில்கூட இளையர்கள் அந்த வரிகளை மனப்பாடம் செய்தார்கள்.

'முதல் ராப் இசைத்தட்டு' என்று இதைச் சொல்வது சரியில்லை. ஃபேட்பேக் குழுவின் 'கிங் டிம் தி தேர்ட்' சற்று முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் ராப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ராப்பர்ஸ் டிலைட்.

பிராங்க்ஸில் வரவேற்பு வேறு மாதிரி. ஆண்டுக்கணக்கில் மேடையேறிய டிஜேக்களும் எம்சிக்களும் வானொலியில் இதைக் கேட்டுக் குழம்பினார்கள். யார் இந்த மூன்று பேர்? எந்த மேடையில் பாடினார்கள்? அந்தக் குழப்பத்தில் கொஞ்சம் பொறாமை இருந்திருக்கலாம். கிராண்ட்மாஸ்டர் கேஸ் விஷயத்தில் அது பொறாமை இல்லை.

கேஸின் நோட்டுப் புத்தகம்

கேஸ் பிராங்க்ஸின் பெயர்பெற்ற எம்சிக்களில் ஒருவர். ஹேங்க் அவருடைய மேனேஜர். ஒலிக்கருவிகளுக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் ஹேங்க் பீட்ஸா கடை வேலைக்கே போனார். கடையில் ஓடிய கேசட் கேஸுடையது.

சில்வியா கூப்பிட்டதும் ஹேங்க் நேராக கேஸிடம் போய், எனக்குப் பாட வரிகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேஸ் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்றாராம். கேஸ் பல பேட்டிகளில் சொன்ன கதை இது. ஹேங்குக்கு ஒரு வழி பிறந்தால் நமக்கும் பிறக்கும் என்பது அவர் கணக்கு. ஒப்பந்தம் இல்லை, கையெழுத்து இல்லை. கூட்டாளிகளுக்குள் என்ன கையெழுத்து?

பாட்டு வந்த பிறகுதான் ஆதாரம் எல்லாருக்கும் கேட்டது. கேஸின் அப்போதைய மேடைப்பெயர் 'கேசனோவா ஃபிளை'. ஹேங்க் தன் பகுதியில் தன்னை அறிமுகப்படுத்தும்போது அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். நோட்டில் இருந்ததை மாற்றக்கூட இல்லை!

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? சினிமாப் பாட்டில் ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பாடுவார். நமக்கு அது இயல்பு. ராப்பில் அப்படி இல்லை. பாடுகிறவர் சொல்வது தன் கதை, தன் பெயர், தன் தெரு என்பதுதான் அங்கே அடிப்படை. அடுத்தவர் வரியைத் திருடுவதற்குத் தனியாக ஒரு கெட்ட பெயரே உண்டு, 'பைட்டிங்', அதாவது கடித்துக்கொண்டு போவது. அந்தக் கலையை உலகத்துக்கு அறிமுகம் செய்த பாட்டிலேயே அது நடந்துவிட்டது.

ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை

இந்தப் பாட்டில் எடுத்தாளப்பட்டவை இரண்டு. ஷீக்கின் இசை ஒன்று, கேஸின் வரிகள் இன்னொன்று. ஷீக்கை முதலில் கேட்கவில்லை. கேஸிடம் ஹேங்க் கேட்டார், ஆனால் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

ஷீக்கின் நைல் ரோஜர்ஸ் நியூயார்க் கிளப் ஒன்றில் இந்தப் பாட்டைக் கேட்டார். தன் பாட்டின் மேல் யாரோ பேசுகிறார்களே என்று விசாரித்தால், அது கடையில் விற்கும் இசைத்தட்டு. ரோஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்றார்கள். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. இன்று பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது, ராயல்டியும் அவர்களுக்குப் போகிறது. பிறகு அந்தப் பாட்டைத் தனக்கு மிகவும் பிடிக்கும் என்று ரோஜர்ஸ் சொன்னார். அவர் அப்படிச் சொல்லலாம்தான்!

கேஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை.

சட்டம் அவருக்கு எதிராக இருந்ததா என்றால், இல்லை. 1978 முதல் நடப்பில் இருந்த அமெரிக்கச் சட்டப்படி, சொந்தமாக எழுதிய வரி தாளில் ஏறிய கணமே எழுதியவருக்குக் காப்புரிமை உண்டு. நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் நீதிமன்றம் போகப் பதிவு வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும். 'குட் டைம்ஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. அதன் பின்னால் இவை எல்லாம் இருந்தன. பிராங்க்ஸ் இளைஞர் ஒருவரின் நோட்டுக்குப் பின்னால் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், சில்வியா கெட்டவர், ஹேங்க் துரோகி என்று கதையை முடிப்பது சுலபம். அன்று அந்தக் காரில் இருந்த யாருக்கும் இது 40 ஆண்டுக்கு மேல் ஓடப்போகும் பாட்டு என்று தெரியாது. ஆனால் தெரிந்த பிறகும் கேஸின் பெயரைச் சேர்க்கவில்லை. அதற்கு என்னிடம் சாக்கு இல்லை.

நம் ஊரில் எப்படி?

மலேசிய ராப்பை நமக்கெல்லாம் அறிமுகம் செய்த பாட்டு 2006இல் வந்த 'வல்லவன்' ஆல்பத்தில் இருக்கிறது. யோகி பி & நட்சத்திராவின் 'மடை திறந்து'. பள்ளிப் பேருந்தில் அதைக் கத்திப் பாடிய தலைமுறை என்னுடையது. அதன் அடித்தளம் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டு. பழைய மெட்டின் மேல் புதிய சொல்லைக் கட்டும் ஹிப் ஹாப் பழக்கம்தான் அது. அப்போது அது யாருடைய மெட்டு என்பது எங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியும். ராப் வரிகளை யார் எழுதினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நீங்கள் சொல்லிசை எழுதுகிறவரா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதி வைத்தாலே உரிமை உண்டு. சிங்கப்பூரின் 2021 காப்புரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். மலேசியாவில் 1987 சட்டம், கூடவே மைஐபிஓ அலுவலகத்தில் விருப்பப்பட்டால் தெரிவித்து வைக்கும் வசதி. ராயல்டி வசூலிக்க இங்கே காம்பஸ், அங்கே எம்ஏசிபி.

இதைவிட எளிய வழி ஒன்றை ஸ்டூடியோக்காரர்கள் சொல்வார்கள். பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் யார் எத்தனை விழுக்காடு என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவது. 'ஸ்ப்ளிட் ஷீட்' என்பார்கள். நண்பர்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பாட்டு ஓடிய பிறகு கேட்பது இன்னும் கஷ்டம்.

ராப்பர்ஸ் டிலைட் 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு சில்வியா காலமானார். ஹேங்க் 2014இல் புற்றுநோயால் இறந்தார். கேஸ் 'எம்சி டிலைட்' என்று ஒரு பதில் பாட்டு பாடி, கதையைத் தன் குரலில் சொன்னார். பிறகு நியூயார்க்கில் ஹிப் ஹாப் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாகவும் ஆனார். ஹார்லெம், பிராங்க்ஸ் தெருக்களைச் சுற்றிக்காட்டி, எந்த மூலையில் என்ன நடந்தது என்று பயணிகளிடம் சொல்வது அவர் வேலை.