ஆங்கிலோ இந்திய விளையாட்டு வீரர்கள்

ஆங்கிலோ இந்திய விளையாட்டு வீரர்கள் எனப்படுவோர், இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய - இந்தியக் கலப்பு வழி வந்த சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த விளையாட்டாளர்கள். இந்திய ஹாக்கியின் (வளைகோல் பந்தாட்டம்) முதல் பொற்காலத்தை உருவாக்கியதில் இவர்களுடைய பங்கு மிகப் பெரியது. 1928 முதல் 1960 வரை இந்தியா பங்கேற்ற எல்லா ஒலிம்பிக் ஹாக்கி அணிகளிலும் இச்சமூகத்தினர் இடம்பெற்றனர். ஆயினும் அக்காலத்தை நினைவுகூரும்போது தியான் சந்தின் பெயரைத் தாண்டி நாம் செல்வது குறைவு.

சமூகம்

இந்திய அரசியலமைப்பின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை வரையறுக்கிறது. தந்தை வழியில் ஐரோப்பிய மரபு கொண்டவராகவும், இந்தியாவில் நிலையாக வாழும் பெற்றோருக்கு இங்கே பிறந்தவராகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இவர்களைச் 'சட்டைக்காரர்' என்பார்கள். பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை, போத்தனூர் என ரயில்வே பெரிதாக இருந்த ஊர்களில் எல்லாம் இவர்களுடைய குடியிருப்புகள் இருந்தன.

ஐரோப்பியப் பெயர் உள்ளவர்களை எல்லாம் இச்சமூகத்தில் சேர்த்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அது சரியல்ல. பெர்னாண்டஸ், டிசோசா போன்ற பெயர்கள் கொண்ட பழைய ஹாக்கி வீரர்களில் பலர் கோவா, மங்களூர் கிறித்தவர்கள். அவர்கள் வரலாறு வேறு.

ரயில்வேயும் பள்ளியும்

பிரிட்டிஷ் ஆட்சியில் ரயில்வே, சுங்கம், அஞ்சல் தந்தி ஆகிய மூன்று துறைகளிலும் நடுத்தரப் பணியிடங்கள் பெருமளவு ஆங்கிலோ இந்தியர் கையில் இருந்தன. எஞ்சின் ஓட்டுநர், கார்டு, தந்தியாளர், சுங்க அலுவலர் ஆகியவை அப்பாவுக்குப் பின் பிள்ளைக்கு என்று வந்த வேலைகள். ரயில்வே குடியிருப்பு ஒவ்வொன்றிலும் 'இன்ஸ்டிடியூட்' என்ற மன்றமும் அதை ஒட்டி ஒரு மைதானமும் இருக்கும். பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் படித்தார்கள். அங்கே மாலை விளையாட்டு என்பது விருப்பப் பாடம் அல்ல, நாள்தோறும் நடக்கும் கடமை.

பள்ளியில் மட்டையைப் பிடித்த பையன் படிப்பு முடிந்ததும் ரயில்வேயில் சேர்வான். சேர்ந்த மறுவாரமே ரயில்வே அணியில் ஆடுவான். பயிற்சியும் சம்பளமும் மைதானமும் ஒரே இடத்தில் கிடைத்தன. கல்கத்தாவின் பெய்டன் கோப்பை 1895ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டதால் போட்டிக்கும் குறைவில்லை. இந்த ஏற்பாடுதான் இச்சமூகத்தின் ஹாக்கித் திறனுக்கு அடிப்படை. அதை 'இரத்தத்தில் ஊறிய திறமை' என்று விளக்குவோர் உண்டு. அந்த விளக்கம் தேவையே இல்லை.

கோல்காப்பாளர் ரிச்சர்ட் ஆலன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாக்பூரில் பிறந்த அவர் படித்தது முசூரிக்கு அருகிலுள்ள ஓக் குரோவ் பள்ளி. அது ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளுக்காக கிழக்கிந்திய ரயில்வே நடத்திய பள்ளி.

ஆம்ஸ்டர்டாம் முதல் பெர்லின் வரை

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் இந்தியா முதன்முறையாக ஹாக்கி ஆடியது. அணியைத் தேர்ந்தெடுக்கக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கு இடையிலான போட்டி நடத்தப்பட்டது. தேர்வான அணியில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆங்கிலோ இந்தியர்கள்: ரிச்சர்ட் ஆலன், எரிக் பின்னிகர், லெஸ்லி ஹாமண்ட், ரெக்ஸ் நோரிஸ், மைக்கேல் ராக், ஃபிரெடெரிக் சீமன், ஜார்ஜ் மார்தின்ஸ், மாரிஸ் கேட்லி ஆகியோர் அவர்களில் சிலர். அணித்தலைவர் ஜெய்பால் சிங் இடையில் விலகிவிட, இறுதி ஆட்டத்தில் பின்னிகர் தலைமை ஏற்றார். நெதர்லாந்தை 3-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது 29 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை. அந்த 29இல் 14 தியான் சந்துடையவை. கோலே விழாமல் காத்தவர் ஆலன்.

1932 லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என்று இந்தியா வென்றது. அந்த ஒரு கோல் விழுந்தபோது ஆலன் கோல் கம்பத்துக்குப் பின்னால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, ஹாக்கி வட்டாரத்தில் இன்னும் சொல்லப்படுகிறது. 1936 பெர்லினிலும் ஆடிய ஆலன் மூன்று தங்கங்கள் பெற்றார். மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து அவர் விட்ட கோல்கள் இரண்டே.

பெர்லின் அணியில் கார்லைல் டாப்செல், லயனல் எம்மெட், எர்னஸ்ட் குட்சர்-கல்லன், ஜோ கலிபார்டி ஆகியோரும் இருந்தனர். கலிபார்டி 1915இல் மதராசில் பிறந்தவர். பெங்கால் நாக்பூர் ரயில்வே அணிக்காக ஆடியவர்.

லெஸ்லி கிளாடியஸ்

இச்சமூகத்தின் வீரர்களில் மிகப் பெரியவராகக் கருதத்தக்கவர் லெஸ்லி கிளாடியஸ். 1927 மார்ச் 25 அன்று பிலாஸ்பூரில் பிறந்தார். அவர் விரும்பியது கால்பந்து. அதற்காகத்தான் கரக்பூருக்கு வந்து பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் சேர்ந்தார். ஒருநாள் ரயில்வேயின் இரு ஹாக்கி அணிகள் பயிற்சி ஆட்டம் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் குறைந்தது. அணியில் இருந்த டிக்கி கார், 1932 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், இளைஞனைக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார். அதிலிருந்து இரண்டே ஆண்டுகளில், 1948இல், கிளாடியஸ் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார்.

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அது. வெம்பிளியில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா பிரிட்டனை 4-0 என வென்றது. தொடர்ந்து 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் இரண்டிலும் தங்கம். 1960 ரோமில் கிளாடியஸ் அணித்தலைவர். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்று வெள்ளியோடு திரும்பினார். 1928இல் தொடங்கிய தங்க வரிசை அவர் தலைமையில் அறுந்தது. மூன்று தங்கம், ஒரு வெள்ளி என ஒலிம்பிக் ஹாக்கியில் நான்கு பதக்கங்கள் பெற்ற சாதனையை உதம் சிங்கும் அவரும் பகிர்ந்துகொண்டனர்.

பின்னர் கல்கத்தா சுங்கத் துறையில் பணியாற்றினார். 1971இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய மகன் ராபர்ட் 1978 உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். சாலை விபத்தில் இளம் வயதிலேயே இறந்தார். சமூகத்தில் பெரும்பாலோர் வெளிநாடு சென்ற பிறகும் கிளாடியஸ் கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. 2012 டிசம்பர் 20 அன்று அங்கேயே காலமானார்.

வெளியேற்றம்

சுதந்திரத்துக்குப் பின் இச்சமூகத்தின் நிலை விரைவாக மாறியது. அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு ரயில்வே, சுங்கம், அஞ்சல் தந்தித் துறைகளில் அவர்களுக்கு இருந்த பணி ஒதுக்கீட்டைப் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் நீட்டித்தது. அதுவும் முழு அளவில் அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைந்துகொண்டே வந்து 1960இல் முடிந்தது. விளையாட்டை வளர்த்ததும் இதே வேலைகள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்பாவின் வேலை பிள்ளைக்கு உறுதி இல்லை என்றானதும் குடும்பம் குடும்பமாக இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பலேறினார்கள். கலிபார்டி 1950களில் இங்கிலாந்து சென்றார். 96 வயது வரை வாழ்ந்து 2011இல் லண்டனில் இறந்தார்.

ஜபல்பூரின் பியர்ஸ் குடும்பம் 1940களின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடியேறியது. செசில், மெல், எரிக், கார்டன், ஜூலியன் என்ற ஐந்து சகோதரர்களும் ஆஸ்திரேலியாவுக்காக ஹாக்கி ஆடினார்கள். எரிக் 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1964இல் ஆஸ்திரேலியா ஹாக்கியில் தன் முதல் ஒலிம்பிக் பதக்கமான வெண்கலத்தைப் பெற்றபோது எரிக், ஜூலியன் இருவரும் அணியில் இருந்தனர்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் ஆஸ்திரேலியா இந்தியாவை 2-1 என வென்றது. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இறுதி ஆட்டத்துக்குப் போகாதது அதுவே முதல் முறை. வென்ற ஆஸ்திரேலிய அணியில் பியர்ஸ் சகோதரர் மூவர் இருந்தனர். இந்திய ஹாக்கியின் சரிவுக்குச் செயற்கைப் புல்தரையைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் ஒலிம்பிக்கில் அத்தரை வந்தது 1976இல்தான். மெக்சிகோவில் ஆடியது இயற்கைப் புல்லில். ஆங்கிலோ இந்தியர் வெளியேற்றம் மட்டுமே சரிவுக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. எனினும் ஜபல்பூரில் பிறந்தவர்கள் எதிரணியில் நின்று இந்தியாவை வீழ்த்தியதைக் கணக்கில் எடுக்காத எந்த விளக்கமும் முழுமையாகாது.

பிற விளையாட்டுகள்

புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சாம்பியன் இவரே. 1964இல் மீண்டும் வென்றார். கல்கத்தாவின் ஆன் லம்ஸ்டன் 1961இல் அர்ஜுனா விருது தொடங்கிய ஆண்டிலேயே அதைப் பெற்ற ஹாக்கி வீராங்கனை. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் வாழ்ந்த கோலார் தங்கவயலில் பிறந்த ஓட்டவீரர் கென்னத் பவல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

கிரிக்கெட்டில் இந்தியாவுக்காக ஆடிய முதல் ஆங்கிலோ இந்தியர் பெங்களூரின் ரோஜர் பின்னி. 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட்டுகளுடன் அவரே முதலிடம் பிடித்தார். 2022இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவரானார்.