இருப்பும் வரவும்: குமரப்பா சொன்னதும் கடைமடை விவசாயி கேட்பதும்

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டையும் டையையும் விட்டுக் கதருக்கு மாறினார். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் இருந்துகொண்டு மரச் செக்குக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் தேனீ வளர்ப்புக்கும் உழைத்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றபோது அவர் எழுதியதுதான் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய ஆங்கில நூல். 1945இல் காந்தியடிகள் அதற்கு முன்னுரை எழுதினார். பிற்காலத்தில், 'சிறியதே அழகு' என்ற பொருள்படும் நூலை 1973இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞரும் குமரப்பாவை எடுத்துக்காட்டி எழுதினார். சீமையில் எல்லாம் படித்தார்கள். அவர் பிறந்த காவிரிக் கரையில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

நூலில் விவசாயிக்கு உடனே விளங்கும் இடம் ஒன்று உண்டு. உலகில் உள்ள பொருள்களைக் குமரப்பா இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோல், உலோகத் தாது போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை, திரும்ப ஊறாதவை. இவை இருப்பு. தானியம், மரம், பால் போன்றவை ஆண்டுதோறும் திரும்ப வருபவை. இவை வரவு. வரவைக் கொண்டு நடக்கும் குடும்பம் நிலைக்கும், இருப்பைத் தின்று நடக்கும் குடும்பம் சண்டையில் முடியும் என்பது அவர் கட்சி. நாடுகளுக்கு இடையே மூளும் போர்களுக்கும் இதையே அவர் காரணமாகக் காட்டினார். விதை நெல்லைப் பொங்கித் தின்னக்கூடாது என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மயிலாடுதுறைப் பக்கம் மூன்று மா நிலம், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர், வைத்திருக்கும் விவசாயி இந்நூலைக் கையில் எடுத்தால் என்ன பதில் சொல்வார்? எல்லாவற்றுக்கும் தலையாட்டமாட்டார்.

முதலில் தண்ணீர். ஆற்றில் வரும் காவிரி நீர் வரவு. ஆழ்குழாய்க் கிணற்றில் இறைக்கும் நீரில் ஆறும் மழையும் ஆண்டுதோறும் ஊற வைக்கும் அளவு வரையில் வரவு. அதற்கு மேல் எடுப்பது இருப்பு. 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், வரவு எங்கே முடிந்து இருப்பு எங்கே தொடங்குகிறது என்பது மீட்டரிலும் தெரிவதில்லை. ஆனால் வேறொரு இடத்தில் அது கணக்குப் பார்க்கப்பட்டது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த காவிரித் தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக. மீதி 10 டி.எம்.சி.க்குக் காரணம், டெல்டாவில் உள்ள நிலத்தடி நீர்! அங்கே 20 டி.எம்.சி. இருப்பதாகக் கொண்டு, அதில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களின் கடலோரக் கிராமங்களில் குழாய் இறக்கினால் உப்பு நீர் வருகிறது. மேட்டுப் பக்கத்து நல்ல நீர், ஆற்றுப் பங்கைக் குறைக்கும் காரணமாக நின்றது. கடலோரத்து விவசாயிக்கோ ஆற்றுப் பங்கும் குறைந்தது, அடிநீரும் உதவவில்லை.

இவ்வளவும் கேட்ட விவசாயி, "அப்படியானால் பம்புசெட்டை நிறுத்திவிட்டுக் குறுவையை விட்டுவிடலாமா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட வேண்டும். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அதன்பின் விதைத்தால் குறுவை அறுவடை ஐப்பசி அடைமழையில் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே பேராசையால் ஒருவரும் இறைப்பதில்லை. ஆனால் வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்ற பழக்கம்தான் பாதி நீரைக் குடிக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினாலே பயிருக்குப் போதும். பக்கங்களில் துளையிட்ட ஒரு குழாய்த் துண்டை, சுமார் 30 செ.மீ. நீளத்தில், பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைத்து உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண் பரப்புக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு மறு தண்ணீர் கட்டலாம். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் தருணத்திலும் மட்டும் வயல் காயக்கூடாது. இதற்குச் செலவு ஒரு பழைய பி.வி.சி. குழாய்த் துண்டுதான்.

இரண்டாவது உரம். இங்கேதான் வாசகர் குமரப்பாவோடு அதிகம் மோதுவார். ரசாயன உரத்தை அவர் விரும்பவில்லை; மாடும் எருவும் போய் எந்திரமும் மூட்டையும் வருவதை எதிர்த்தார். அவர் 1960 ஜனவரி 30இல் காலமானார். அந்தச் சமயத்தில்தான் தஞ்சை மாவட்டம் 'பாக்கேஜ்' திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிறகு ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது, ஐ.ஆர். 8 வந்தது, யூரியா வந்தது. 1965, 66ஆம் ஆண்டுகளில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்தது. அன்று மகசூலைக் கூட்டாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்விக்குக் குமரப்பாவின் நூலில் முழுப் பதில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இருந்தாலும் பொட்டாஷ் விஷயத்தில் அவர் பக்கம் வலுவானது. இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷ் உரத்தில் அநேகமாக முழுவதையும் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. 2022இல் உலகச் சந்தை ஏறியபோது 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய் வரை போயிற்று. அதே சமயம், நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும் பகுதி வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 12 முதல் 17 கிலோ வரை இருக்கும். மாடு குறைந்த வீடுகளில் வைக்கோல் உருளையாகக் கட்டப்பட்டு லாரி ஏறுகிறது. கைக்கு வரும் பணம் அவசரத்துக்கு உதவுவது உண்மைதான். ஆனால் விற்றது வைக்கோலை மட்டும் அல்ல. விற்றே ஆக வேண்டிய நிலையில் உள்ளவர்கள் தாளடி அல்லது சம்பாவுக்கு முன் இடைவெளி கிடைக்கும் வயலிலாவது தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45ஆம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். தழைச்சத்துச் செலவில் ஒரு பகுதி மிச்சப்படும். பொட்டாஷுக்கு ஈடு இது ஆகாது என்பதை மறக்கக்கூடாது.

எந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் கிடைக்காத காலத்தில் அறுவடை எந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் பயிரிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது இந்தப் பகுதியின் பழைய முறை. உழவில்லை, தண்ணீர் இல்லை, பனியிலேயே விளையும். எந்திரம் ஈர வயலில் இறங்கினால் முளைத்த பயறு நசுங்கிச் சேற்றில் புதைகிறது. குமரப்பா தேன்கூட்டை உதாரணம் காட்டி, தனக்காக மட்டும் அல்லாமல் கூட்டுக்காகச் சேர்க்கும் பொருளாதாரம் என்று ஒன்றைச் சொல்கிறார். பயறு விஷயத்தில் அது பொருந்துகிறது. மேல் வயல்காரர் தண்ணீரை வடிக்காவிட்டால் கீழ் வயல் காயாது. ஒரு வாய்க்கால் பாசனக்காரர்கள் கலந்து பேசி ஒரே சமயத்தில் வடித்து, டயர் வண்டிக்குப் பதில் செயின் வண்டியை அமர்த்தினால் சேதம் குறையும். அப்படியும் பயறு தப்பாது என்று தோன்றும் வயலில், எந்திரம் போன பிறகு எஞ்சிய ஈரத்தில் விதைப்பதே மேல்.

கடைசியாக, நூலை மூடிவிட்டு விவசாயி கேட்கக்கூடிய கேள்வி: "நிலம் என்னுடையதாக இருந்தால் அல்லவா இதெல்லாம்?" கோயில், மடத்து நிலங்களையும் வெளியூர் மிராசுதாரர் நிலங்களையும் குத்தகைக்குச் செய்பவர்கள் இங்கே ஏராளம். அடுத்த ஆண்டு வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் தக்கைப்பூண்டு விதைக்கமாட்டார், வண்டல் அடிக்கமாட்டார். குமரப்பா இதை அறியாதவர் அல்ல. 1947இல் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949இல் வெளிவந்த அதன் அறிக்கை உழுபவனுக்கே நிலம் என்ற கட்சியைப் பேசியது. 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாய வாரச் சட்டமும் வந்தன. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் தனிச் சட்டமே போடப்பட்டது. ஆயினும் வாய்ச்சொல் குத்தகை இன்றும் நடக்கிறது. பதிவேட்டிலும் அடங்கலிலும் பெயர் ஏறாதவருக்குப் பயிர்க்கடனும் சிக்கல், வெள்ளம் வந்தால் நிவாரணமும் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் சிக்கல். நிலம் எத்தனை ஆண்டாகக் கையில் இருந்தாலும், குத்தகை செலுத்திய ரசீதுகளையும் அடங்கல் நகல்களையும் சேர்த்து வைத்திருப்பவர்தான் வருவாய்த் துறையிடம் பதிவுக்கு மனுச் செய்யும்போது நிற்க முடிகிறது.