தேடலில் தவறிப்போகும் தீர்ப்புகள்

கொலைக்கான சட்டப்பிரிவு எது என்று கேட்டால், சட்டம் படிக்காதவர்கூட 302 என்பார். 2024 ஜூலை 1-ல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த இடத்தில் இருப்பது 103. புதிய எண்ணை மட்டும் கொடுத்துக் கணினியில் தேடும் வழக்கறிஞருக்கு, பல பத்தாண்டுகளாகக் குவிந்த தீர்ப்புகள் சிக்காமலே போகலாம்.

இந்தச் சிக்கல் பழையது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்குக்காகத் திரட்டிய சுமார் 40,000 ஆவணங்களை வைத்து பிளேர், மாரன் என்ற ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 1985-ல் வெளியானது. தேவையானவற்றில் முக்கால் பங்கு கைக்கு வந்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினார்கள். வந்ததோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். காரணம், ஒரு தரப்பு ‘விபத்து’ என்று எழுதியதை, எதிர்த்தரப்பு ‘சம்பவம்’, ‘நிலைமை’, ‘சிக்கல்’ என்றெல்லாம் எழுதியிருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘டெக்ஸ்ட் மைனிங்’ எனும் உரை அகழ்வு. ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்துகளாக மாற்றி, தரப்பினர் பெயர், நீதிமன்றம், தேதி, சட்டப்பிரிவு ஆகியவற்றை மென்பொருள் தனித்தனியே பிரித்தெடுக்கிறது. பிறகு சொற்களை எடைபோடுகிறது. ஏராளமான தீர்ப்புகளில் வரும் ‘மேல்முறையீட்டாளர்’ தேடலுக்கு அதிகம் உதவாது. சிலவற்றில் மட்டும் வரும் ‘மரண வாக்குமூலம்’ உதவும். அரிய சொல்லுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் இந்த முறையை 1972-ல் முன்வைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். ‘ஜாமீன்’, ‘பிணை’ இரண்டும் ஒரேவிதமான சொற்களுக்கு நடுவே வருவதைக் கவனித்து, அவை ஒரே பொருளைக் குறிப்பதாகவும் மென்பொருள் கணிக்கிறது. எந்தத் தீர்ப்பு எதை மேற்கோள் காட்டுகிறது என்ற தொடர்பையும் அது பின்தொடர்கிறது.

இந்தியத் தீர்ப்புகளை 2008 முதல் ‘இந்தியன் கானூன்’ தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் அந்த நீதிமன்றத்தின் ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளத்திலும் கட்டணமின்றித் தேடலாம். விலையுயர்ந்த சட்ட இதழ்களை வாங்க முடியாத தாலுகா நீதிமன்ற வழக்கறிஞருக்கு இது பெரிய கொடை.

ஆனாலும், தேடித் தந்தவற்றை மட்டும் பார்த்து ஒரு கருவியை மெச்சிவிடக் கூடாது. விட்டவை எத்தனை என்றும் கேட்க வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு: கணினி ஒதுக்கித் தள்ளியவற்றிலிருந்து சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, மனிதர் படித்துப் பார்ப்பது. கணினி உதவியோடு ஆவணங்களைத் தரம்பிரிக்க 2012-ல் நியூயார்க்கில் நீதிபதி ஆண்ட்ரூ பெக் அனுமதித்தபோதும், இத்தகைய சரிபார்ப்பு முக்கியமாகப் பேசப்பட்டது. விடுபட்ட ஒரு தீர்ப்பு ஒருவரைச் சிறையிலேயே வைத்திருக்கக்கூடும். நம் நீதிமன்றங்கள் வாங்கும் ஒவ்வொரு தேடல் கருவிக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். முடிவுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிடவும் வேண்டும்.