வெப்ப நாளில் கரண்ட் போனால் யாரைக் கேட்பது?

2019 ஜனவரி 25. மெல்பர்னில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. யல்லூர்ன், லோய் யாங் நிலக்கரி மின் நிலையங்களில் மூன்று யூனிட்டுகள் ஓடவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2022இல் இலங்கையில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது சாதாரணம்தான். ஆனால் அங்கே எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை வந்தது. இங்கே அப்படி எதுவும் வராது.

குயின்ஸ்லாந்திலிருந்து டாஸ்மேனியா வரை ஒரே மின்வலை. அதை நடத்தும் ஏஇஎம்ஓ என்ற அமைப்பு, பத்தாண்டுத் தேவையை ஆண்டுதோறும் கணித்து வெளியிடுகிறது. கொடுக்க முடியாமல் போகும் மின்சாரம் மொத்தத் தேவையில் 0.002 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. கையிருப்பு குறையக் குறைய மூன்று படிகளில் எச்சரிக்கை வரும். மூன்றாம் படி என்றால் மின்வெட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2024 நவம்பர் 27 அன்று சிட்னிக்கு அந்த அச்சம் வந்தது. மாலை 3 முதல் 8 வரை வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷினை ஓட்ட வேண்டாம் என்று மாநில முதல்வர் கிறிஸ் மின்ஸ் கேட்டுக்கொண்டார். அன்று தப்பித்தோம்.

கூரையில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: தெருவில் மின்சாரம் நின்றால், கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, உங்கள் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பேட்டரியும், மின்தடையில் அதை இயக்கும் இணைப்பும் இல்லாவிட்டால் பட்டப்பகலிலும் ஃபேன் சுற்றாது.

விக்டோரியாவில் ஓராண்டில் திட்டமிடாத மின்தடைகள் குறிப்பிட்ட மணி நேரத்தைத் தாண்டினால் விநியோக நிறுவனம் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஆனால் உற்பத்திப் பற்றாக்குறையால் செய்யும் மின்வெட்டு அந்தக் கணக்கில் சேராது. திட்டமிடலில் தவறியது யாரோ. ஃபிரீசரில் கெட்டுப்போன இறைச்சிக்கு நஷ்டப்படுவது நாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே, கேட்டுப் பெறக்கூடிய உரிமையை விடாதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோ டயாலிசிஸ் மெஷினோ இருந்தால், பில் அனுப்பும் நிறுவனத்திடம் 'லைஃப் சப்போர்ட்' பதிவு கேளுங்கள். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிந்தபின் பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது. பராமரிப்புக்காக நிறுத்துவதானாலும் குறைந்தது நான்கு வேலை நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். நிறுவனத்தை மாற்றினாலோ வீடு மாறினாலோ புதிதாகப் பதிய வேண்டும். மலிவான பிளானுக்கு மாறும் அவசரத்தில் நம்மவர்கள் பலர் மறப்பது இதைத்தான்.

இந்தப் பதிவு அவசர மின்வெட்டைத் தடுக்காது. மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது, அப்பாவை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்பதை வெயில் வருமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பில் கட்டச் சிரமமானால் ஏசியை அணைத்துவிட்டு முதியவர்களை வேகவிடாதீர்கள். தவணையும் சிரமகால உதவியும் கேட்டால் நிறுவனம் தர வேண்டும். தட்டிக்கழித்தால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. நியூ சவுத் வேல்ஸுக்கு 1800 246 545, விக்டோரியாவுக்கு 1800 500 509. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமா? முதலில் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.