கிணற்று மோட்டாரில் மின்கசிவு

பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசை, செம்பரம்பாக்கம் வரையிலும், ஆவடிக்கு அப்பால் திருநின்றவூர்ப் பக்கத்திலும், வீட்டுமனைகளுக்கு நடுவே நஞ்செயும் தோட்டக்காலும் இன்னும் எஞ்சியுள்ளன. அம்பத்தூரிலோ 1964-ல் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் வயல்கள் வெகுவாய் அருகின. முன்னே கவலை இறைத்த கிணறுகளில் இப்போது மின்சார மோட்டாரே இறைக்கின்றது.

மோட்டார் ஓடுகையில் தொட்டியண்டை சென்ற பசு வாய் வைத்தவுடன் தலையைப் பின்னிழுக்குமாயின், தண்ணீர் உப்பென்றோ மாட்டுக்குத் திருஷ்டியென்றோ எண்ணி விட்டுவிடலாகாது. மோட்டாரினின்று கசியும் மின்சாரம் இரும்புக்குழாய் வழியே தொட்டிநீருக்கு வந்திருக்கக்கூடும். செருப்பணிந்த மனிதன் உணராத சில வோல்ட்டை, ஈரச்சேற்றில் வெறுங்குளம்புடன் நிற்கும் மாடு உணர்ந்துவிடும்.

ஃபியூஸ் இருக்கின்றதே என்று பலர் வாளாவிருக்கின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். எர்த் குழியின் தடை 20 ஓம் எனக் கொள்வோம். கோடையில் காய்ந்த மண்ணில் இது அரிதன்று. 230 வோல்ட் மின்சாரம் மோட்டார் உடலில் முழுதும் பாய்ந்தாலும், அக்குழி வழியே இறங்குவது சுமார் 11½ ஆம்பியரே. 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது. மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும், அதன் உடலைத் தொடுபவன் மாள்வான். மனித உடலில் 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டால் மூச்சுத்தசைகள் இறுகக்கூடும். இன்னும் சற்று மிகுந்தால் இருதயம் தடுமாறி நிற்கும்.

ஆகவே எர்த் குழியுடன், 30 மில்லி ஆம்பியர் கசிந்த மாத்திரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத்தடுப்பு சுவிட்சும் அவசியம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். குழியில் எட்டடி நீளமுள்ள துத்தநாகம் பூசிய குழாயை இறக்கிக் கரியும் உப்பும் இட்டு, வேனிலில் நீர் ஊற்றி வருக. உப்பு மிகுந்தால் குழாயை அரிக்கும்.

மோட்டார் கொட்டகை விளக்குக்கு ஒரு பேஸ் கம்பியும் எர்த் கம்பியும் சேர்த்து எரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகத் தீயது. எர்த் கம்பி அறுந்த கணமே, அதனுடன் பிணைந்த மோட்டாரும் குழாயும் உயிர்ப்பு பெறும். விளக்குக்கு நியூட்ரல் கம்பியையே இணைக்க வேண்டும். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகையால், கசிவைப் பற்றுச்சீட்டு காட்டிக் கொடுப்பதுமில்லை. ஆராய்ந்து அறிவதே வழி.

ஐப்பசி கார்த்திகை மழையில் மின்கம்பத்தின் ஸ்டே கம்பியிலும் கசிவு வரலாம். அதில் மாடு கட்டுவதையும் துணி உலர்த்துவதையும் கிராம அதிகாரிகள் தடுத்தல் வேண்டும். கம்பி அறுந்து வயலில் வீழ்ந்தால், நீர் நின்ற இடத்தில் அடிவைத்தலும் ஆபத்தே. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி சுமார் ஐந்தடியாதலால், மனிதன் தப்பும் தூரத்திலும் அது மடிவதுண்டு. ஆட்களையும் கால்நடைகளையும் தொலைவில் நிறுத்தி, மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு உடனே அறிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதென்று மின்வாரிய ஊழியர் நேரில் வந்து சொல்லும் வரை ஒருவரைக் காவல் வைக்கவும்.