உங்களுக்குத் தெரியுமா? இரண்டு சபாபதிகளும் ஒரு துறைமுகமும்

● எஜமானின் பெயர் சபாபதி. வேலைக்காரனின் பெயரும் சபாபதி. இருவரில் யார் பெரிய அசடு என்பதுதான் 1941-ல் வந்த 'சபாபதி' படம் முழுக்க நடக்கும் போட்டி! பணக்கார வீட்டுப் பிள்ளையாக டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரனாக காளி என்.ரத்னம், இவர்களுக்கு நடுவில் அகப்பட்டு விழிபிதுங்கும் தமிழ் வாத்தியாராக கே.சாரங்கபாணி. 1934-ன் 'பவளக்கொடி'யில் 50 பாட்டுகள். அப்படிப் பாடியே பொழுதை ஓட்டிய தமிழ் சினிமாவில், பாட்டையும் வைத்துக்கொண்டு, பேச்சை நம்பியே சிரிக்க வைத்த படம் இது. இன்று பார்த்தாலும் அந்த வேலைக்காரன் சிரிக்க வைக்கிறான். சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்வதுதான் அவன் செய்கிற ஒரே தப்பு.

● இந்தக் கூத்தையெல்லாம் எழுதியவர் ஒரு ஜட்ஜ்! பம்மல் சம்பந்த முதலியார் 1873-ல் பிறந்தது ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில். அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். வக்கீலாக இருந்து, பிறகு சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியானவர். நாடகக்காரன் என்றால் திண்ணையில்கூட உட்கார வைக்காத ஊரில், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசுவதற்கென்றே 1891 ஜூலை 1-ம் தேதி சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். (அதே ஜூலை 1-ல், 35 வருஷம் முன்னால், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டிருந்தார்கள். வடசென்னைக்கு ராசியான தேதி போல.) தீரர் சத்தியமூர்த்தியும் அந்த சபா மேடையில் வேஷம் கட்டியவர்தான். 'சபாபதி' முதலில் மேடை நாடகம். முப்பது வருஷத்துக்குப் பிறகுதான் அதற்குத் திரை கிடைத்தது.

● முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வெளியானதும் வடசென்னைப் பக்கம்தான்: கினிமா சென்ட்ரல் தியேட்டர், பிற்காலத்து முருகன் டாக்கீஸ். பம்பாயிலிருந்து படப்பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்க, வால்டாக்ஸ் ரோடு வழியாகக் கூட்டம் கூடவே நடந்ததாம். பூத் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தினார்களாம். கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் இந்தக் காலத்துக் கெட்ட பழக்கம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்க.

● 'சபாபதி' வெளியான நாள் 1941 டிசம்பர் 14. ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டு சரியாக ஒரு வாரம்! அதே மாதம் 23-ல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மா தமிழர்கள் உடுத்திய துணியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஏப்ரல் 1942-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னையே மூட்டை கட்டியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில், கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் பீதிக்குக் கேட்கவா வேண்டும்! 1914-ல் எம்டன் கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். ஊர் இப்படிக் காலியாவதற்கு முந்தைய அந்தச் சில மாதங்களில்தான் இரண்டு சபாபதிகளும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

● அப்போது இந்தியாவில் ஒரு அடி ஃபிலிம்கூடத் தயாராகவில்லை. எல்லாமே கப்பலில் வர வேண்டும். போர் மூண்டதும் ஜெர்மனியின் அக்ஃபா நின்றது, மற்றதும் சுருங்கியது. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு கயிறு போட்டது. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும் சுருளில் அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு ரசனை மாறியது ஒரு காரணம் என்றால், சரக்குக் கப்பல் வராதது இன்னொரு காரணம். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் வந்ததே 1960-ல்தான்.

● தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன் முதலில் கிராமபோன் தட்டு வியாபாரி. அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸின் வாத்தியக் குழுதான் இந்தப் படத்துக்கு இசை. முதல் படம் 'அல்லி அர்ஜுனா' (1935) தோல்வி, அடுத்த 'ரத்னாவளி'யும் தோல்வி. 'சபாபதி'யை ஏ.டி.கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இயக்கியபோது அவருக்கு வடபழனி ஸ்டூடியோவும் இல்லை, அதன் உருண்டை சின்னமும் இல்லை. விஜயநகரம் மகாராஜாவின் 'அட்மிரால்டி ஹவுஸ்' மாளிகையை வாடகைக்குப் பிடித்து, அதைத்தான் பிரகதி ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்.

● கதாநாயகி ஆர்.பத்மா சோப்பு விளம்பரத்தில் வந்தவர். அதனால் ஊரெல்லாம் 'லக்ஸ் பத்மா'.

● டி.ஆர்.ராமச்சந்திரனின் உருட்டு விழிக்காக அவரை எடி கேன்டரோடு ஒப்பிட்டார்கள். ஹாலிவுட் பேசத் தொடங்கிய புதிதில், 1930-ல், 'வூப்பீ' என்ற இசை நகைச்சுவைப் படத்தில் ஆடிப்பாடி அமெரிக்காவைக் கலக்கியவர் கேன்டர். நம்மவர் அசட்டு முகத்தை வைத்துக்கொண்டே கதாநாயகனாக நீடித்தார். 'வாழ்க்கை' (1949) படத்தில் அறிமுகமான வைஜயந்திமாலாவுக்கு ஜோடியும் இவரே.

● திரையில் மக்கு வேலைக்காரன், நிஜத்தில் வாத்தியார்! காளி என்.ரத்னம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர்.

● ரத்னத்துக்கு ஜோடியாகக் குண்டுமுத்து வேடத்தில் வந்த சி.டி.ராஜகாந்தத்தின் மாப்பிள்ளை யார் தெரியுமா? 'மந்திரி குமாரி'யில் மலையுச்சிப் பாட்டைப் பாடிய திருச்சி லோகநாதன். பாடகர்கள் டி.எல்.மகாராஜனும் தீபன் சக்கரவர்த்தியும் ராஜகாந்தத்தின் பேரன்கள்.

● 1963-ல் வந்த 'அறிவாளி'யில் தங்கவேலுவுக்கு முத்துலட்சுமி பூரி சுட்ட கதையை யூடியூபில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா? அந்தப் படத்தின் இயக்குநர், 22 வருஷம் முன்னால் 'சபாபதி'யை இயக்கிய அதே ஏ.டி.கிருஷ்ணசாமி!